பசுமை ஹைட்ரஜனும் நம் தரிசு நிலமும்

"பச்சை யூரியா வரப்போகுதாமே, அதைப் போட்டா இயற்கை விவசாயத்துல சேருமா?"

கொஞ்ச காலமாக நான் போகிற உழவர் கூட்டங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. தூத்துக்குடியில் பசுமை ஹைட்ரஜன் ஆலை, பசுமை அம்மோனியா ஆலை என்று செய்தித்தாளில் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். பெயரிலேயே 'பசுமை' இருப்பதால் நம்ம பக்கத்து ஆள் என்று தோன்றிவிடுகிறது. கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: சேராது. ஆனால் அதோடு விட்டுவிட்டால், தருமபுரி மாதிரி மானாவாரி மாவட்டத்து உழவருக்கு இதில் உண்மையாகவே சம்பந்தப்பட்ட விஷயம் விட்டுப்போகும். அந்த விஷயம் நிலம்.

நான் பென்னாகரம் வட்டத்தில் மூன்று ஏக்கர் மானாவாரியும் ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனமும் வைத்திருக்கிறவன். பொறியாளர் கிடையாது. படித்துத் தெரிந்துகொண்டதையும், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும் நம் பேச்சில் சொல்கிறேன். கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஹைட்ரஜனுக்கு ஏது நிறம்?

ஹைட்ரஜன் நிறம் இல்லாத வாயு. அதற்குப் பச்சை, சாம்பல் என்று பெயர் வைப்பது அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான்.

இன்று இந்தியாவில் பயன்படும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. எரிவாயுவை நீராவியோடு சேர்த்துக் கடும் சூட்டில் பிரிக்கிறார்கள். ஹைட்ரஜன் வரும், கூடவே கரியமில வாயுவும் வெளியேறும். இது 'சாம்பல் ஹைட்ரஜன்'. இதை அதிகம் தின்கிறவை இரண்டு இடங்கள்: பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலைகள்.

இன்னொரு வழி, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு என்று படித்திருப்போம். அந்த மின்சாரம் காற்றாலையிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ வந்தால் அதற்குப் 'பசுமை ஹைட்ரஜன்' என்று பெயர். கரி எரிக்கவில்லை, புகை இல்லை என்பதால் அந்தப் பெயர்.

ஒன்றிய அரசு 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்காகப் புதிதாக 1,25,000 மெகாவாட் சூரிய, காற்று மின்சாரம் வேண்டும் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. இந்த 1,25,000 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

யூரியா மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஹைட்ரஜனைக் காற்றில் உள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இதற்கான முதல் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இன்று வரை அடிப்படை முறை அதேதான். 400 டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப் போல 150, 200 மடங்கு அழுத்தம். காற்றில் உள்ள நைட்ரஜன் அவ்வளவு லேசில் மசியாது.

இப்போது ஒரு மூட்டைக் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. அதற்குச் சுமார் 25 கிலோ அம்மோனியா வேண்டும். அந்த அம்மோனியாவுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. ஆக, ஒரு மூட்டைக்கு ஹைட்ரஜன் எடுக்க மட்டும் 225லிருந்து 250 யூனிட். நம்ம 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட் இழுக்கும் என்று வைத்தால், அறுபது மணி நேரம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மின்சாரம் ஒரு யூரியா மூட்டைக்குள் போகிறது.

விலையைப் பாருங்கள். உர ஆலைகளுக்குப் பசுமை அம்மோனியா வாங்கித்தர 2025இல் ஒன்றிய அரசின் சூரிய ஆற்றல் கழகம் ஏலம் நடத்தியது. முதல் ஏலத்தில் கிலோ 55 ரூபாய் 75 காசுக்கு வந்தது. பல வெளிநாட்டு ஏலங்களோடு ஒப்பிட்டால் இது மலிவு. அந்த விலையில் 25 கிலோ அம்மோனியாவே ஏறக்குறைய 1,400 ரூபாய். நாம் கடையில் வாங்கும் யூரியா மூட்டையின் அரசு விலை, வேம்புப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். சாம்பல் அம்மோனியாவிலும் அசல் செலவுக்கும் இந்த விலைக்கும் சம்பந்தம் இல்லை. நடுவில் இருப்பது மானியம். அண்மை ஆண்டுகளில் உர மானியம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியே போகிறது. பச்சையாக மாறினாலும் அந்த மானியப் பை சுருங்கப் போவதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. யூரியா செய்யக் கரியமில வாயு கட்டாயம் வேண்டும். எரிவாயு ஆலையில் அது ஹைட்ரஜனோடு கூடவே கிடைத்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கிடைக்காது, வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதனால்தான் இப்போதைய பசுமை அம்மோனியா முதலில் டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் உரம் செய்கிற ஆலைகளை நோக்கிப் போகிறது. 'பச்சை யூரியா' கடைக்கு வருவது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியம் இல்லை.

இது புதுசும் இல்லை

நம் நாட்டில் இதை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். பஞ்சாபில் பக்ரா அணை கட்டியபோது, அந்த நீர்மின்சாரத்தை வைத்து நங்கலில் உர ஆலை கட்டினார்கள். 1961இல் தொடங்கிய அந்த ஆலை தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துத்தான் ஹைட்ரஜன் எடுத்தது. இன்றைய பாஷையில் சொன்னால் சுத்தமான பசுமை அம்மோனியா. பிறகு எண்ணெய்க்கு மாறி, கடைசியில் இயற்கை எரிவாயுவுக்கு வந்துவிட்டது. ஒரு மூட்டைக்கு இவ்வளவு மின்சாரம் தின்கிற ஆலையும், வீடும், பம்புசெட்டும் ஒரே மின்சாரத்துக்கு வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மின்வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்கள்தானே நாம்.

பசுமை ஹைட்ரஜன் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இரும்பு உருக்கு ஆலையில் நிலக்கரிக்குப் பதிலாகவும், சுத்திகரிப்பு ஆலையில் சாம்பல் ஹைட்ரஜனுக்குப் பதிலாகவும் இதைப் பயன்படுத்தினால் புகை குறையும். பருவம் தப்பிய மழையால் முதலில் அடிபடுகிறவர்கள் நாம்தான், அதனால் புகை குறைவது நமக்கும் நல்லது. யாருடைய நிலத்தில், யாருக்காக என்று கேட்பதுதான் நம் வேலை.

தூத்துக்குடியில் செய்வது யாருக்கு?

தமிழ்நாட்டில் இந்தத் திட்டங்களுக்கு மையம் தூத்துக்குடி. துறைமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது, காற்றும் வெயிலும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், சிங்கப்பூரைச் சேர்ந்த செம்ப்கார்ப் நிறுவனம் 36,238 கோடி ரூபாய் முதலீட்டுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஜப்பானின் சோஜிட்ஸ், கியூஷு மின் நிறுவனங்களோடு ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அம்மோனியா அனுப்புவது பற்றி உடன்பாடு கண்டது. ஜப்பானில் அது முக்கியமாக எரிபொருள்.

அந்த 2 லட்சம் டன்னுக்குக் கணக்குப் போடுவோம். ஹைட்ரஜன் மட்டும் 35,000 டன்னுக்கு மேல் வேண்டும். வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர். நாளுக்கு எட்டரை லட்சம் லிட்டருக்கு மேல். தண்ணீரைச் சுத்தம் செய்வதிலும் ஆலையைக் குளிர்விப்பதிலும் போவதைச் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும். கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்தினால் ஆற்றுக்கு ஆபத்து இல்லை. உப்புக் கழிவை எங்கே விடுவது என்பது மீனவர்களின் கேள்வி. ஆற்று நீரில் கை வைத்தால்தான் சண்டை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குத் தண்ணீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டத்தை எதிர்த்துத் தாமிரபரணி உழவர்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இப்போது மின்சாரம். 35,000 டன் ஹைட்ரஜனுக்கு ஆண்டுக்குச் சுமார் 180 கோடி யூனிட். முழுக்கச் சூரிய மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் வீதம் 1,100 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு நிலம்? இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் கட்டிய 648 மெகாவாட் மின்பண்ணை சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர். ஆக, ஜப்பானுக்குப் போகும் அந்த ஒரு திட்டத்துக்கே 4,500 ஏக்கர். காற்றாலை கலந்தால் கொஞ்சம் குறையும்.

நாட்டு இலக்கான 1,25,000 மெகாவாட்டை இதே நாலு ஏக்கரால் பெருக்குங்கள். 5 லட்சம் ஏக்கர்.

ஹைட்ரஜனுக்கு மூலப்பொருள் தண்ணீரும் வெயிலும் என்று எழுதுகிறார்கள். நிலத்தை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆலை துறைமுகத்தில் இருக்கலாம், தகடு அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பி வழியாக மின்சாரம் எங்கிருந்தும் எங்கும் போகும். அதனால்தான் கடலே இல்லாத தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தெற்கே, லூடரிட்ஸ் ஊருக்குப் பக்கத்தில், ஹைஃபன் என்ற நிறுவனம் பத்து பில்லியன் டாலர் அளவில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இடம் ஒரு தேசியப் பூங்காவுக்குள். பொருள் போகவேண்டியது பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான நாமா மக்களின் அமைப்புகள், எங்களைக் கேட்டீர்களா என்று கேட்டு வருகின்றன.

கென்யாவில் இதே தொழில்நுட்பம் வேறு மாதிரி நடக்கிறது. 2023இல் நைரோபிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நாளுக்கு ஒரு டன் அம்மோனியா எடுக்கும் சின்ன ஆலை வைத்தார்கள். பண்ணையிலேயே சூரியத் தகடு, பண்ணையிலேயே பயன்பாடு. அதுவும் ரசாயன உரம்தான், நமக்குத் தேவையில்லை. ஆனால் எந்தத் தொழில்நுட்பத்தையும் ஊர் அளவில் வைப்பதா, ஏற்றுமதி அளவில் வைப்பதா என்பது தேர்வுதான், விதி இல்லை என்று அது காட்டுகிறது.

தருமபுரிக்கு எப்படி வருகிறது?

தூத்துக்குடியிலிருந்து தருமபுரிக்கு ஏற்கெனவே ஒரு பெரிய மின்பாதை உண்டு. 765 கிலோவோல்ட் தாங்கும்படி கட்டி, முதலில் 400 கிலோவோல்ட்டில் ஓடவிட்ட பாதை. இங்குள்ள பெரிய துணைமின்நிலையத்துக்கு வந்து, இங்கிருந்து கர்நாடகத்தின் மதுகிரிக்குப் போகிறது. வழியில் கோபுரம் நின்ற நிலங்கள் எல்லாம் உழவர் நிலங்கள்.

கோபுரம் வந்தவர்களுக்கு ஒரு தகவல். முன்பு கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி போகும் பாதைக்கு 15 விழுக்காடு வரையும் இழப்பீடு என்று 2015 வழிகாட்டுதல் இருந்தது. 2024 ஜூனில் ஒன்றிய மின் அமைச்சகம் அதைத் திருத்தி, கோபுர அடிக்கு 200 விழுக்காடு, பாதைக்கு 30 விழுக்காடு என்று ஆக்கியது. இது வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்று ஆணை போட்டால்தான் கைக்கு வரும். புதுப் பாதை வருகிறது என்றால் கையெழுத்துக்கு முன்னால் இந்த எண்களை ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது மின்பண்ணைக்கான நிலம். தரகர்கள் தேடுவது துணைமின்நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரே துண்டாக, சமமாக, 'தரிசாக' இருக்கும் நிலம். இந்தத் தரிசு என்ற சொல்தான் எனக்குப் பயத்தைத் தருகிறது. அடங்கலில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் புரட்டாசி, ஐப்பசியில் போய்ப் பாருங்கள். ஒரு உழவு ஓட்டிக் கொள்ளு வீசியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். நாலு வருடத்துக்கு ஒருமுறை நல்ல மழை வந்தால் சாமையோ கேழ்வரகோ நிற்கும். மேய்ச்சல் புறம்போக்கும் இதே கணக்கில்தான் 'பயன்படாத நிலம்' ஆகிறது. ஆடு இல்லாவிட்டால் பட்டி கட்டி எரு போட ஆள் ஏது? நம் இயற்கை வேளாண்மைக்கு எரு வருவதே அந்தத் தரிசிலிருந்துதான்.

பக்கத்து ஊரில் ஒரு நிறுவனம் குத்தகைக்கு நிலம் கேட்டபோது, ஒப்பந்த நகலைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். முப்பது பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்தோம். குத்தகை 28 ஆண்டு. நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மூன்று மாத அறிவிப்பில் விலகலாம். நிலத்துக்காரர் விலக முடியாது. குத்தகை உரிமையை நிறுவனம் வங்கியில் அடமானம் வைக்கலாம், வேறு ஆளுக்கு மாற்றலாம். கடைசியில் தகட்டையும் கான்கிரீட்டையும் எடுத்துத் தருவார்களா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. கூட வந்திருந்த பெரியவர், "எம் பேரன் தலைமுறைக்குத்தான் காடு திரும்பி வரும், அப்ப இது காடா இருக்குமா?" என்று கேட்டார். வாடகை நல்ல தொகைதான். மழையை நம்பி நிற்கிறவருக்கு மாதா மாதம் வரும் பணம் பெரிசு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் திருத்தம் கேட்டுக் காத்திருக்கிறார்கள்.

குத்தகைக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்:

1. ஒப்பந்தம் தமிழிலும் வேண்டும். படித்துப் பார்க்க ஒரு மாதம் வேண்டும்.
2. மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். நகல் போதும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.
3. நிலத்தை அடமானம் வைக்கும் உரிமை அவர்களுக்குக் கூடாது. குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றினால் உங்கள் சம்மதம் வேண்டும்.
4. வாடகை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும்? தவறினால் என்ன?
5. தகடு கழுவத் தண்ணீர் எங்கிருந்து? போர் போடக் கூடாது என்று எழுதுங்கள்.
6. மழைநீர் ஓடும் ஓடை, வண்டிப்பாதை, ஆடு போகும் தடம் மூடப்படக் கூடாது.
7. முடியும்போது தகடு, கம்பி, கான்கிரீட் எல்லாவற்றையும் எடுத்து மண்ணைச் சமன் செய்யும் செலவுக்கு வைப்புத்தொகை.

இன்னொரு வழியும் இருக்கிறது. நிலத்தை வாடகைக்கு விடுவதற்குப் பதிலாக நாமே மின்சாரம் எடுத்து விற்பது. ஒன்றிய அரசின் குசும் திட்டத்தில் ஒரு பிரிவு, துணைமின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின்பண்ணை வைக்க உழவர் குழு, கூட்டுறவு, உற்பத்தியாளர் நிறுவனம், பஞ்சாயத்து ஆகியோருக்கு இடம் தருகிறது. தகட்டை உயரத் தூண்களில் ஏற்றிக் கீழே பயிர் செய்யவும் அதில் வழி உண்டு. முதலீடு பெரிசு, தனி ஆளால் ஆகாது. குழுவாகச் சேர்ந்தால் யோசிக்கலாம். திட்டத்தின் விதியும் காலமும் மாறிக்கொண்டே இருப்பதால், இன்றைய நிலையை மின்வாரியத்திலும் வேளாண் பொறியியல் துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரிய பம்புசெட் பற்றி ஒரு எச்சரிக்கை. குசும் வழிகாட்டுதலில் ஒன்றிய அரசு 30, மாநில அரசு 30 விழுக்காடு மானியம். நல்ல உதவி. ஆனால் வெயில் இருக்கிறவரை மோட்டார் ஓடும், பில் கிடையாது. ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறுத்து, எலும்பு வளைந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் வரவேண்டியிருந்த மாவட்டம் இது. ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் மட்டும் வருவதில்லை. சூரிய பம்பு வைக்கிறவர் சொட்டுநீரும், பண்ணைக்குட்டையும், மூடாக்கும் சேர்த்து வைக்க வேண்டும்.

நம் காட்டில் இருக்கும் அம்மோனியா ஆலை

முதல் கேள்விக்கு வருகிறேன். பச்சை ஹைட்ரஜனில் செய்த உரமும் அங்ககச் சான்றில் ரசாயன உரம்தான். என்.பி.ஓ.பி. ஆனாலும், பங்கேற்பு உத்தரவாதச் சான்று ஆனாலும் செயற்கை உரத்துக்கு இடம் இல்லை. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. ஆலையில் புகை குறையும், சரி. காட்டில் என்ன மாறும்? போட்ட யூரியாவில் பாதிக்கு மேல் பல நேரம் பயிருக்குப் போகாமல் ஆவியாகவும் கசிந்தும் போகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. கரியமில வாயுவைவிட இருநூற்று எழுபது மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடேற்றும் வாயு அது. ஆலை பச்சையோ சாம்பலோ, இது இப்படியேதான் நடக்கும். மண்ணில் மக்கு குறைவதும், புழு பூச்சி குறைவதும் அப்படியேதான்.

சரி, யூரியா இல்லாமல் தழைச்சத்து எங்கிருந்து? அதே காற்றிலிருந்துதான். பயறுவகைச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அங்கே உட்கார்ந்து காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. 400 டிகிரி சூடு இல்லை, 200 மடங்கு அழுத்தம் இல்லை. செடி வெயிலில் சமைத்த சர்க்கரைதான் அதற்குக் கூலி. 1888இலேயே பெய்ஜெரிங்க் என்ற டச்சு அறிஞர் இந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டிவிட்டார். நம் பாட்டன்மாருக்கு நுண்ணுயிர் தெரியாது, ஆனால் கேழ்வரகு விதைத்தால் நடுவில் சால் போட்டு அவரை, துவரை, காராமணி விடத் தெரிந்திருந்தது. கேழ்வரகு அறுத்த பிறகும் அவரை நின்று தை மாதம் வரை காய் கொடுக்கும்.

அளவாகவும் சொல்கிறேன். நன்றாக வளர்ந்த சணப்பையோ தக்கைப்பூண்டையோ பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ தழைச்சத்து மண்ணுக்குப் போகும். ஒரு யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ என்று மேலே பார்த்தோம். இது தண்ணீர் உள்ள நிலத்துக் கணக்கு. மானாவாரியில் மழை காலை வாரினால் பாதியாகக்கூடக் குறையும். அதனால் மானாவாரிக்காரர் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஊடுபயிராகப் பயறுவகை, வரப்பில் கிளிரிசிடியா, ஆட்டுப்பட்டி, தொழுவுரம், சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவு என்று நாலைந்து வழியில் சேர்க்க வேண்டும். விதைக்கு முன் ரைசோபியம் நேர்த்தி செய்தால் செலவு மிகக் குறைவு. முடிச்சு சரியாக வராத காட்டில் பாறைத்தூளோ எலும்புத்தூளோ போட்டு மணிச்சத்தைக் கவனியுங்கள். மணிச்சத்து குறைந்தால் முடிச்சும் சோம்பும்.

அவசரமும் கூடாது. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்தினார்கள். மாற்று உரமும் பயிற்சியும் கைக்கு வருவதற்குள் பருவம் வந்துவிட்டது. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அதே ஆண்டு நவம்பருக்குள் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அதன் பழி இயற்கை வேளாண்மை மேல் விழுந்தது. புதிதாக மாறுகிறவர்கள் முதல் வருடம் கால் ஏக்கர், அரை ஏக்கரில் தொடங்குங்கள். இரண்டு பருவம் பயறு சேர்த்த துண்டையும் சேர்க்காத துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உர மானியத்தில் ஒரு சின்னப் பங்கை, மூட்டைக்குத் தராமல், பயறு விதைக்கும் உழவருக்கு நேரடியாகக் கொடுத்தால் என்ன? சணப்பு, தக்கைப்பூண்டு விதையை விதைப்புக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் வைத்தால் என்ன? கொள்ளும் அவரையும் ரேஷன் கடையில் வாங்கினால் என்ன? பசுமை ஹைட்ரஜனுக்கு 19,744 கோடி ஒதுக்க முடிந்த நாட்டில் இவை பெரிய கேள்விகள் இல்லை.

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வருகிற கிராம சபையில், உங்கள் ஊரில் எந்தெந்த சர்வே எண் நிலங்கள் 'தரிசு' என்றும் 'மேய்ச்சல் புறம்போக்கு' என்றும் பதிவாகியிருக்கின்றன என்று பட்டியல் கேளுங்கள். அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள், எந்த மாதம் என்ன விதைக்கிறார்கள், எந்த ஓடை போகிறது என்று எழுதித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். தரகர் வருவதற்கு முன்னால் அந்தத் தாள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும்.